ஹாலுக்கு வந்த கல்யாணம்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் கணினி இருக்கும் அறையிலிருந்து ஹாலில் இருக்கும் டிவிக்கு எண்ணிப் பதினான்கு எட்டு. அம்மாவின் நடையில் இருபத்திரண்டு. இந்தப் பதினான்கு எட்டை நடக்காமல் இருப்பதற்காக நான் பாடுபட்ட காலம் இரண்டு வருஷம். செலவான பணம் எவ்வளவு என்பது என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அவள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இங்கேயும் சொல்வதாக இல்லை.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை வெறுங்காலோடு பால்குடம் சுமந்தவன்தான். ஒரு தம்ப் டிரைவைச் சுமக்கத்தான் மனம் வரவில்லை.

2008 தீபாவளிக்குப் பத்து வயது மகனுக்கென்று ஒரு பிளேஸ்டேஷன் 3 வாங்கினேன். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து கிலோ, மகன் பிறந்தபோது இதைவிட லேசாக இருந்தான். வீட்டுக்கு வந்ததும் அவன் விளையாட்டுத் தட்டைப் பிரித்தான், நான் கையேட்டைப் பிரித்தேன். அங்கே ஆரம்பித்தது வினை. டிஎல்என்ஏ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் 2003-ல் கூடிப் பேசி உண்டாக்கியது. யார் செய்த பெட்டியானாலும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் ஒன்றுக்கொன்று படம், பாட்டு, புகைப்படம் பரிமாறிக்கொள்ளலாம். கணினி பரிமாறும், விளையாட்டுப் பெட்டி உட்கார்ந்து சாப்பிடும். சுருக்கமாகச் சொன்னால் பந்தி.

என்னிடம் பரிமாற ஒரு பண்டமும் தயாராக இருந்தது. 1994-ல் பெருமாள் கோயிலில் நடந்த எங்கள் கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட், பூஞ்சை பிடிப்பதற்குள் கணினிக்கு ஏற்றி வைத்தது. மூன்று மணி நேரம், 6 ஜிபி. தம்ப் டிரைவில் எடுத்துப் போகலாமே என்பீர்கள். அந்தப் பெட்டி படிப்பது ஃபேட்32 முறையில் அமைத்த டிரைவைத்தான். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. அதாவது தாலி கட்டுவதுவரை ஒரு துண்டு, சாப்பாடு ஒரு துண்டு என்று வெட்ட வேண்டும். முகூர்த்தத்தைத் துண்டு போடுவதாவது! இந்த நியாயத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வெட்டுறது அவ்வளவு கஷ்டமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் முயற்சியில் டிவியில் கல்யாணம் வரவில்லை, ஓர் எண் வந்தது. டிஎல்என்ஏ பிழை, 7531. தவறு என்னுடையதுதான். பாதுகாப்பு என்று நினைத்து, கணினிக்குள் யாரும் நுழையாதபடி எல்லாக் கதவையும் நானே சாத்தி வைத்திருந்தேன். ஆனால் சிங்கப்பூரில் நான்கு இலக்கமாக எது கண்ணில் பட்டாலும் அதற்கு வேறு அர்த்தம் உண்டு, லாட்டரி எண் என்று. விபத்தில் சிக்கிய காரின் எண்ணையே விடாமல் வாங்குகிற ஊர் இது. அம்மா நாள்காட்டியின் பின்பக்கத்தில் 7531 என்று குறித்துக்கொண்டார். "தானா வந்த நம்பர்டா தம்பி, விடாதே." பெரிசில் ஒரு வெள்ளி, சிறிசில் ஒரு வெள்ளி கட்டினோம். சனிக்கிழமை முடிவில் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஞாயிறும் குலுக்கல் உண்டு என்று அம்மா நினைவூட்டினார்; அதற்குள் நான் கணினியின் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தேன்.

திறந்தும் பலனில்லை. கல்யாணத்தை நான் எம்கேவி என்ற வடிவத்தில் சேமித்திருந்தேன், அதுதான் நவீனம் என்று எங்கோ கேள்விப்பட்டு. விளையாட்டுப் பெட்டி அதைத் தொடாது. எம்பி4 போட்டால் சாப்பிடும், ஏவிஐ போட்டால் சாப்பிடும், எம்கேவி இலைக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. இப்படிப்பட்ட மாப்பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆர்வலர் எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் ஒன்று அப்போது இருந்தது, பிஎஸ்3 மீடியா சர்வர் என்று. கணினி ஒரு பக்கம் எம்கேவியை மசித்துக்கொண்டே இருக்கும், மறுபக்கம் பெட்டிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். என் கணினி மசிக்கிற சத்தம் புளோக் கீழேவரை கேட்டிருக்கும்.

மசித்தது ஹாலுக்கு வந்து சேர வேண்டுமே. இங்கேதான் என் புத்திசாலித்தனத்தின் உச்சம். வைஃபை பெட்டியின் விளக்குகள் இரவெல்லாம் சிமிட்டுகின்றன என்று மனைவி சொன்னதால், அதை பாம் ஷெல்டருக்குள் வைத்திருந்தேன். 1997-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இந்த அறை இருக்கும். குண்டு விழுந்தால் குடும்பம் ஒதுங்குவதற்காக, கம்பி கட்டிய தடித்த காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டு விழாத நாட்களில் அங்கே ஒதுங்குவது அரிசி மூட்டை, மைலோ டின், தீபாவளித் தோரண விளக்கு. வெடிகுண்டின் அதிர்ச்சியையே தாங்கும் சுவரை என் வைஃபை துளைத்துக்கொண்டு வரும் என்று நான் எப்படி நம்பினேன் என்பது எனக்கே புரியவில்லை. ஹாலில் மணப்பெண் மேடைக்கு வந்தாள், ஒரு கால் தூக்கினாள், அப்படியே நின்றாள். மனைவி பத்து நிமிஷம் தன்னையே பார்த்துவிட்டு, "கால் வலிக்குதுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு வடகிழக்குப் பாதை ரயிலில் லிட்டில் இந்தியா. மனைவியின் பட்டியல்: தேக்காவில் ஆட்டுக்கறி, முருங்கைக்காய், கறிவேப்பிலை. என் பட்டியல்: சிம் லிம் ஸ்குவேரில் பதினைந்து மீட்டர் நெட்வொர்க் கேபிள். இரண்டும் ஒரே பையில் வந்தன. தரையில் போட்டால் அம்மா தடுக்கி விழுவார் என்பதால் கதவு நிலைகளின் மேலாக இழுத்துக் கட்டினேன். படம் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக ஓடியது, இரண்டு நாள். மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் கேபிளில் வரிசையாக மாவிலை. ஏதோ விசேஷம். நிலைக்கு மேலே கயிறு தயாராக இருந்ததைப் பார்த்து, மகனுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று அம்மா மகிழ்ந்திருக்கிறார். வாடிய இலையைப் பிடித்து இழுத்ததில் கேபிளின் தலை கழன்றது.

பிறகு வந்தது மின்கம்பி வழியாகவே தகவல் அனுப்பும் அடாப்டர். அறையில் ஒரு பிளக், ஹாலில் ஒரு பிளக், அவ்வளவுதான். சுவருக்குள் இருக்கும் கரண்டு வயரே தபால்காரன். அட்டையில் 200 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தது. அது அட்டையின் வேகம். ஆனாலும் கல்யாணம் ஓடப் போதுமானதாக இருந்தது, காலை எட்டு மணியைத் தவிர. எட்டு மணிக்குப் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். ஒரு வாரம் ஆராய்ந்தேன். எட்டு மணிக்கு என் வீட்டில் தேங்காய்ச் சட்னி. மிக்சியின் மோட்டாருக்குள் கரித்துண்டு உரசிப் பொறி பறக்கும்போது கிளம்பும் இரைச்சல் அதே கரண்டு வயரில் ஏறி, என் தபால்காரனை வழிமறிக்கிறது. கண்டுபிடித்த பெருமையில் இதை மனைவியிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது.

இடையில் அம்மாவின் அறைக்கும் கல்யாணத்தை அனுப்ப ஆசைப்பட்டேன். பிஎஸ்பி என்ற கைப்பெட்டியை வாங்கினால் ரிமோட் பிளே என்று ஹாலில் இருப்பதை அதில் பார்க்கலாம். திரை 4.3 அங்குலம். அம்மா கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, கடைசியில் "இதுல யாருடா பொண்ணு?" என்றார். மகன் அந்தக் கைப்பெட்டியைத் தன் விளையாட்டுப் பெட்டிக்கு நஷ்டஈடாக எடுத்துக்கொண்டான். அவனுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டாமா.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததல்ல என்பதில் ஓர் ஆறுதல். இன்று பலர் வீட்டு டிவியில் ஓடும் கோடி என்ற மென்பொருளே, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க வேண்டும் என்று சில ஆர்வலர்கள் 2002-ல் தொடங்கிய வேலைதான். டிஎல்என்ஏ அமைப்பு 2017-ல் கலைந்துவிட்டது. மகன் தன் சம்பளத்தில் வாங்கிய பிளேஸ்டேஷன் 5-ல் அந்தப் பந்தியே கிடையாது. அதனால் பழைய ஐந்து கிலோ இன்னும் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது.

கல்யாணத்தை ஒருவழியாக முழுதாகப் பார்க்க உட்கார்ந்தது 2010-ல், ஒரு ஞாயிறு மாலை. சட்னி இல்லாத நேரம். அம்மா, மனைவி, மகன், முறுக்குத் தட்டு. கெட்டிமேளம் நெருங்குகிறது. ஐயர் திரும்பிப் பார்க்கிறார். மணப்பெண் திரும்பிப் பார்க்கிறாள். மாப்பிள்ளை இருக்கையில் மாலை மட்டும் இருக்கிறது. காமிரா மெல்லத் தேடிப் போகிறது: மேடைக்குக் கீழே, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீடியோ விளக்கின் வயரை எந்த பிளக்கில் சொருகினால் வெளிச்சம் கூடும் என்று காமிராக்காரரின் உதவியாளருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமனார் வந்து தோளைத் தொடும்வரை நான் எழுந்திருக்கவில்லை. படத்தில் அது நான்கு நிமிஷம் ஓடுகிறது.

"அப்பா, அப்பவேவா?" என்றான் மகன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. வெறும் ஜார்தான், சத்தத்திலேயே தெரிந்தது. திரையில் நான் சதுரம் சதுரமாக உடைந்தேன்.