அடி வாங்கிய எழுத்துகள்

எங்கள் பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை நோட்டு திரும்பி வரும் நாளில் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. ஸ்பெல்லிங் பிழை ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையில் ஒரு அடி. பிறகு அதே சொல்லை ஐம்பது தடவை இம்போசிஷன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு முறை ‘கலர்’ என்பதை யூ இல்லாமல் எழுதிவிட்டான். அவன் மாமா ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மறுநாள் அங்கிருந்து கோடாகலர் ஃபிலிம் வந்த மஞ்சள் அட்டை டப்பாவை எடுத்துவந்து, “சார், இதில் யூ இல்லையே” என்று காட்டினான். எதிர்த்துப் பேசியதற்காக இன்னொரு அடி விழுந்தது.

இன்று என் பேத்தி கணினியில் பள்ளிக்கூடக் கட்டுரை தட்டுகிறாள். அதே சொல்லை யூ சேர்த்து எழுதினால் கீழே சிவப்புக் கோடு விழுகிறது. அது அமெரிக்க ஆங்கிலத்துக்கு அமைத்த கணினி. அன்று யூவை விட்டவன் தப்பு. இன்று யூவைச் சேர்த்தவள் தப்பு.

உண்மையில் இரண்டுமே பழைய வடிவங்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623-ல் பெருந்தொகுப்பாக அச்சானபோது, ‘ஹானர்’ என்ற சொல் ஓரிடத்தில் யூவோடும் இன்னோரிடத்தில் யூ இல்லாமலும் இருந்தது. அவருடைய கையெழுத்துகளாக எஞ்சியிருக்கும் ஆறிலும் பெயர் ஒரே மாதிரி இல்லை. 1755-ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் யூவை வைத்துக்கொண்டார். 1828-ல் அமெரிக்க அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் எடுத்துவிட்டார். இரண்டு அகராதிக்காரர்களின் விருப்பத்துக்கு நடுவில் என் நண்பனின் கை சிவந்தது.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். பழைய ஆங்கில நூல்களின் மறுபதிப்புகள் என் மேசைக்கு வரும். ‘ஷோ’ என்ற சொல்லில் ஓ இருக்கவேண்டிய இடத்தில் ஈ இருக்கும். ஜெயில் என்பது ஜி-ஏ-ஓ-எல் என்று கிடக்கும். சிவப்பு மையைத் தொட்டு நான் குனிந்தபோது, அங்கே தலை நரைத்துப்போன புரூஃப் ரீடர் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார். “அதைத் தொடாதீங்க தம்பி. அது பிழை இல்லை, அந்தக் காலத்துப் பழக்கம்.” பெர்னார்ட் ஷா இருபதாம் நூற்றாண்டிலும் அந்த ஈயை விடாமல் எழுதினார் என்று அவர்தான் சொன்னார். அந்த அச்சகத்தில்தான் எனக்கு ஆங்கிலம் உண்மையில் பிடித்துப்போனது.

வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தவர். 1490-ல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறிய வியாபாரிகள், காற்று வீசாததால் கென்ட் கரையில் இறங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்கிறார், அதாவது முட்டை. அந்த வீட்டுப் பெண்மணி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் ‘ஐரென்’ என்று கேட்ட பிறகே அந்த அம்மாளுக்குப் புரிகிறது. வடக்கே ஒரு சொல், தெற்கே ஒரு சொல், இரண்டும் ஆங்கிலம். நான் எதை அச்சடிப்பேன் என்று காக்ஸ்டன் கவலைப்படுகிறார். அச்சுக்கோத்தவர்களுக்கு அந்தக் கவலை நன்றாகப் புரியும்.

கடைசியில் அச்சில் ஏறியது நின்றது, ஏறாதது வட்டாரப் பேச்சாக ஒதுங்கியது. ‘கோஸ்ட்’ என்ற பேய்க்கு நடுவில் ஓர் எச் நுழைந்ததே பெல்ஜியப் பக்கத்து எழுத்துப் பழக்கத்திலிருந்துதான். ‘டெட்’ என்ற கடனுக்குள் ஒலிக்காத பி ஒன்று இருக்கிறதே, அதைப் பின்னால் வந்த பண்டிதர்கள் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகச் சொருகினார்கள். கவிஞர் சாசர் காலத்தில் அந்த பி கிடையாது. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ சொல்லில் உள்ள எஸ் இன்னும் மோசம். லத்தீனோடு உறவே இல்லாத சொல்லுக்கு லத்தீன் உறவு கற்பித்துச் சேர்த்தது. அந்த பி-யையும் எஸ்ஸையும் விட்டதற்காக நம் ஊரில் அடி வாங்கிய பிள்ளைகள், காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள்.

ஒதுங்கிய சொற்களில் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே, 1821-ல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைப் பழைய சென்னைவாசிகள் ‘கிர்க்’ என்பார்கள். ‘சர்ச்’ என்பதன் ஸ்காட்லாந்து வடிவம் அது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், நீல வண்ணக் குவிமாடத்தில் நட்சத்திரங்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் வழிபாட்டோடு தங்கள் சொல்லையும் இங்கே கொண்டுவந்தார்கள். அதைப் பிழை என்று யாரும் அடித்ததில்லை. கட்டியவர்கள் ஆளும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

எனக்கு ஆறாத வருத்தம் ‘ஆஸ்க்’ என்ற சொல்லைப் பற்றியது. அதை ‘ஆக்ஸ்’ என்று சொல்லும் கறுப்பின அமெரிக்கர்களையும் ஜமைக்கா மக்களையும் படிக்காதவர்கள் என்று இன்றும் கேலி செய்கிறார்கள். சாசர் அப்படித்தான் எழுதினார். 1535-ல் கவர்டேல் மொழிபெயர்ப்பில் வெளிவந்த, ஆங்கிலத்தின் முதல் முழுமையான அச்சுப் பைபிளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆயிரம் ஆண்டாக இரண்டு வடிவமும் சேர்ந்தே வாழ்ந்த சொல். ஏழைகளின் வாயில் தங்கியதும் ஒரு வடிவத்தின் மதிப்புப் போய்விட்டது.

ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புரூஃப் பார்த்தே காலம் கழித்தவன் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு புத்தகத்துக்குள் ஒரே எழுத்துமுறை வேண்டும், தேர்வுக்கும் ஒன்று வேண்டும். ஆனால் அது ஏற்பாடுதான். ஆங்கில ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பிள்ளை எழுதியதைத் திருத்துங்கள், மதிப்பெண்ணும் குறையுங்கள். கூடவே, “இப்போது இப்படி எழுதுகிறோம்” என்று ஒரு வரி சொல்லுங்கள். பிள்ளை டப்பாவைக் கொண்டுவந்து காட்டினால் வாங்கிப் பாருங்கள்.