கூஜா விதி

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மூன்று வாரமாகக் கொஹிமா சண்டை நடக்கிறது. ஊஞ்சல் பலகையைக் கழற்றி, அதன்மேல் 1944ஆம் வருஷத்து வரைபடத்தை விரித்திருக்கிறேன். அத்தைக்கு அதில் மனத்தாங்கல். படைகள் எல்லாம் ரங்கநாதன் தெருவில் வாங்கிய சட்டைப் பொத்தான்கள். நானே உருவாக்குகிற போர் விளையாட்டு. சண்டைக்கு விதி எழுதுவது சுலபம், பகடையை உருட்டினால் பொத்தான் சாகும். அந்தப் பொத்தானைச் சண்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் எனக்கு முடி கொட்டியது.

எதிராளி, அக்கா பையன். கணினியில் அவன் ஆடும் போர்களில் படையைத் தொட்டு ஊரைச் சொடுக்கினால் போதும், பட்டாளம் ரயிலேறிவிடும். ஆர்.ஏ.சி.கூடக் கிடையாது. மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு அடையாறிலிருந்து இங்கே வரவே முக்கால் மணி நேரம் ஆனதென்று அலுத்துக்கொண்டவன், கொஹிமாவுக்கு ரயிலில் வந்து இறங்க வேண்டிய திமாப்பூருக்கு ஒரே சொடுக்கில் போக ஆசைப்படுகிறான்.

நான் விடுவேனா? கல்கத்தாவிலிருந்து அகலப்பாதையில் வரும் பட்டாலியன் பார்பதிப்பூரில் இறங்கியாக வேண்டும். அதற்கப்பால் மீட்டர் கேஜ். 1,676 மில்லிமீட்டர் பாதையின் வண்டி 1,000 மில்லிமீட்டர் பாதையில் ஓடாது. பீரங்கிக் குண்டிலிருந்து பருப்பு மூட்டை வரை இறக்கி ஏற்ற வேண்டும். அமின்காவ் போனால் பிரம்மபுத்திரா குறுக்கே கிடக்கும். அதன்மேல் பாலம் வந்ததே 1960களில்தான். படகில் பாண்டு கரைக்குப் போய் மறுபடி ரயில்.

இதற்கெல்லாம் பத்தொன்பது பக்கம் விதி எழுதினேன். மூன்று மணி நேரம் ஆடியும் பையனின் பட்டாலியன் பார்பதிப்பூரைத் தாண்டவில்லை. “மாமா, ஜப்பான்காரன் சண்டை முடிஞ்சு ஊருக்கே போயிருப்பான்” என்றான்.

எனக்கும் முன்னோடி உண்டு. ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’ என்ற அமெரிக்கப் பலகை விளையாட்டில், இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் ஒதுக்க வேண்டும். அந்தத் தெம்பில் நானும் ஒரு புளியோதரை விதி சேர்த்தேன்: கட்டுச்சாதம் தீர்ந்த மறுநாள் மதராஸ் படைக்கு உற்சாகம் ஒரு புள்ளி குறையும். பையன் பைக் சாவியை எடுத்துவிட்டான்.

ஊஞ்சலுக்காகக் காத்திருந்த அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எழும்பூர்ல இறங்கி சென்ட்ரலுக்குப் போற மாதிரியாடா?”

அதே மாதிரிதான். கும்பகோணத்திலிருந்து மீட்டர் கேஜில் எழும்பூர் வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடிக்க சென்ட்ரல் போன தலைமுறை அவள். நடுவில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். கூடவே பதினோரு உருப்படி.

“மூட்டையை எல்லாம் யாருடா எண்ணிண்டிருப்பா? வண்டி மாறினா ஒரு நாள் போச்சு. ஏதாவது ஒண்ணு தொலைஞ்சு போச்சு. அவ்வளவுதான். அறுபத்தொண்ணுல கூஜா போச்சு.”

பத்தொன்பது பக்கம் இரண்டு வரியானது. பாதை மாறினால் ஒரு முறை ஆட்டம் இழப்பு; தொலைவது எது என்பதைப் பகடை சொல்லும். உண்மையில் தளபதிக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இவ்வளவுதான், மூட்டைக் கணக்கு கூலிக்காரருடையது. 1944 மார்ச்சில் அமெரிக்க ரயில்வே படையினர் அந்தப் பாதையை எடுத்துக்கொண்டு நீளமான ரயில்களை வேகமாக ஓட்டினார்களே, அதற்கு ஒரே ஒரு சீட்டு. புளியோதரையை மட்டும் விட மனசில்லை, அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பையனின் பட்டாலியன் நாற்பது நிமிஷத்தில் திமாப்பூரில் இறங்கியது. தொலைந்தது எது என்று பகடையை உருட்டினான். பட்டியலில் நான்காம் எண்: சமையல் பாத்திரங்கள்.

“கூஜா” என்றாள் அத்தை, தரையில் உட்கார்ந்தபடி.