எஞ்சிய பஞ்சும் ஏறாத விளிம்பும்: ஜவ்வாது மலைக் குளிரை முன்வைத்து ஓர் ஆய்வு

போர்வையை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மேல்துணியோடு நின்றுவிட்டார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைத்த போர்வை ஒன்று இருக்கிறது. டிரிஸ்டன் கதையை அது தையலாலேயே சொல்கிறது. அந்தச் சித்திரங்களைப் பற்றி அறிஞர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அவற்றைப் புடைத்து நிற்கவைத்தது உள்ளே திணித்த பருத்திப் பஞ்சு. திணித்தது போக மிஞ்சிய பஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் ஆளில்லை. இக்கட்டுரை கேட்கிறது.

ஆய்வுக்களமாக ஜவ்வாது மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கீழே வாணியம்பாடியில் போர்வை என்பது ஒரு பழக்கதோஷம். மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொள்கிறார்கள். அங்கே கிடைக்கும் தரவு எதற்கும் உதவாது. ஆலங்காயம் தாண்டி மேலேறி, 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரில் ஒரு மார்கழி இரவைக் கழித்தால் போர்வையின் மெய்ப்பொருள் விளங்கும். வைணு பாப்பு அங்கே வான் ஆய்வகம் அமைத்தது வானத்தின் தெளிவுக்காக. ஆனால் தொலைநோக்கிக் கூடத்தைச் சூடாக்க வழியில்லை, வெதுவெதுப்பான காற்று கலங்கினால் விண்மீன் பிம்பமும் கலங்கிவிடும். ஆகவே வானியலாளர் நடுங்குவது ஒரு பணி நிபந்தனை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரிலிருந்தும் பார்த்தார்கள்; அன்றைய கவனிப்புகளிலிருந்துதான் அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அன்று யார் என்ன போர்த்தியிருந்தார்கள் என்று எந்த ஆய்வேடும் சொல்லவில்லை. அறிவியல் வரலாற்றின் இத்தகைய ஓட்டைகள் வருந்தத்தக்கவை.

காவலூரின் பெரிய தொலைநோக்கிக் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். இரட்டைக் கட்டிலுக்கான பஞ்சுப் போர்வை 90-க்கு 100 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட அதே அளவு. இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிட இவ்வாசிரியருக்கு மனமில்லை. இரு துறைக்கும் தொல்லை ஒன்றே: அந்த அகலத்துக்கு ஒரே துண்டாகப் பொருள் அமைவது கஷ்டம். காவலூரில் ஒரே துண்டாகச் சாதித்துவிட்டார்கள். ஹவாயின் கெக் தொலைநோக்கியில் 36 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்தார்கள். முப்பது மீட்டர் தொலைநோக்கியின் வடிவமைப்பிலோ 492 துண்டுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மில்லிமீட்டர் சந்து. கண்ணாடிக்கு அந்தச் சந்து பரவாயில்லை. போர்வையில் அவ்வளவு சந்து விட்டால் ஜவ்வாது மலைக் காற்று முழுதும் அதன் வழியே முழங்காலுக்கு வந்து சேரும்.

போர்வைக்கு முன்பு இந்தத் துண்டுச் சிக்கலே இருந்ததில்லை. பஞ்சு கொட்டுகிறவர் வில்லைத் தோளில் சாத்தி, நாணைச் சுண்டி ஓசை எழுப்பியபடி தெருவில் வருவார். பழைய மெத்தையைப் பிரித்துத் திண்ணையில் குவிப்பார்கள். கொட்டாப்புளியால் நாணை அடிக்க அடிக்கக் கட்டி தட்டிய பஞ்சு பூவாகும். மிச்சம் என்று தனியாக ஒன்றும் நிற்காது, எல்லாம் குவியலுக்கே திரும்பிவிடும். ஆலையிலிருந்து பஞ்சு விரிப்பாக, சுருளாக வரத் தொடங்கியபோதுதான் மிச்சத்துக்கு நீளம், அகலம், மூலை எல்லாம் வாய்த்தன. மூலை உள்ள பொருளைத் தூக்கிப்போட நம் வீடுகளில் யாருக்கும் கை வராது. அது பரண் ஏறும்.

பரணிலிருந்து இறக்கிய துண்டுகளைச் சேர்ப்பதில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள். ஒன்றின்மேல் ஒன்றை நாலு விரல் ஏற்றித் தைப்பவர்கள் ஏற்றுவாதிகள். விளிம்போடு விளிம்பைச் சேர்ப்பவர்கள் ஒட்டுவாதிகள். ஏற்றுவாதிகளின் போர்வை கண்ணுக்குக் குறையற்றது. ஆனால் அதற்குள் ஒரு வரப்பு ஓடும். படுத்தவர் புரளும்போதெல்லாம் வரப்பைத் தாண்டியாக வேண்டும். இவ்வாசிரியர் ஒட்டுவாதி. நடுநிலை வகிப்பதாக நடிக்கப் போவதில்லை.

ஒட்டுவாதத்தின் செய்முறை இது. இரு துண்டுகளின் ஓரத்தையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டு, இரண்டையும் சேர்த்தே பாம்பு நெளிவதுபோல் வெட்ட வேண்டும். கழிவை உருவிவிட்டால் ஒரு நெளிவு மற்றதில் பொருந்திவிடும். நேர்கோடாக வெட்டினால் போர்வை அந்த இடத்தில் கதவுக் கீல்போல் மடியப் பழகிவிடும். பிறகு மீன்முள் தையல், தளர்வாக. நூலை இழுத்துப் பிடித்தால் ஏற்றுவாதிகளின் வரப்பு பின்வாசல் வழியே வந்துவிடும். மேல்துணியோடு சேர்த்துப் போடும் தையல் வரிகள் ஒட்டைக் குறுக்கே கடக்க வேண்டும், அதன்மேலேயே ஓடக் கூடாது. பருத்தியோடு பாலியெஸ்டரைச் சேர்ப்பது கலப்புத் திருமணமல்ல, வம்பு வழக்கு: முதல் சலவையில் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்க மறுக்கும், போர்வை ஒரு பக்கமாக முகம் சுளிக்கும்.

இலவம் பஞ்சு இந்த ஆய்வுக்கே கட்டுப்படாது. பருத்தி இழை காயும்போது நாடாபோல முறுக்கிக்கொள்வதால் ஒன்றையொன்று பற்றும். இலவ இழையோ உள்ளே காற்றடைத்த வழவழப்பான குழல், மேலே மெழுகுப் பூச்சு வேறு, முறுக்கு கிடையாது. அதை நூலாக நூற்பதே பெரும்பாடு, விளிம்பு கட்டுவது எங்கே? போடிப் பக்கத்திலிருந்து மெத்தைக் கடைக்கு வரும் அந்தப் பஞ்சு தலையணைக்கே உரியது. சாண் அகலத்துக்குக் குறைந்த பருத்தித் துண்டுகளும் அங்கேயே போகட்டும். அதற்கும் சிறியவை திரியாகலாம். கார்த்திகைக்கு அண்ணாமலை உச்சியில் ஆயிரம் மீட்டர் காடாத்துணித் திரியைக் கொப்பரையில் ஏற்றும் மாவட்டத்தில்தான் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் இருக்கிறது. இங்கே திரிக்குத் தனி வாதம் தேவையில்லை.

கடைசியாக, சோதனை முறை. ஒட்டின் தரத்தைப் பகலில் தடவிப் பார்த்து முடிவு செய்வது அறிவியலாகாது. விடியற்காலை மூன்று மணிக்கு, போர்த்தியவரின் முழங்கால் சொல்வதே தீர்ப்பு. சோதனையாளரைத் தேர்வதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. ஒட்டுப் போட்ட போர்வையை வழக்கமாக விருந்தாளிக்குத்தான் தருகிறோம். அவர் காலையில் எழுந்து, "நல்லாத் தூங்கினேங்க" என்கிறார். தரவு அங்கேயே கெட்டுவிடுகிறது. மாமியாரிடம் கொடுத்தால் ஒட்டு எந்த இடத்தில், எத்தனை விரற்கடையில் என்பதுவரை துல்லியமாக வரும். ஜவ்வாது மலைக் கோடை விழாவுக்கு வருபவர்களிடம் இச்சோதனையை நடத்த வேண்டாம். அப்போது ஏற்றுவாதிகளும் தேறிவிடுவார்கள்.