மீட்டர் மருமவனுக்கு

வா மருமவனே, வா. புல்லட்டுச் சத்தம் தெருமுக்குலயே கேட்டுட்டு. கழுத்துல செயினு, கக்கத்துல கணக்கு நோட்டு. எங்க அக்கா பெத்த புள்ள பெரிய ஆளாயிட்டான்னு ஊரே பேசுது. பயந்துக்கிட்டுதான் பேசுது, அது வேற விசயம். உக்காரு. கருப்பட்டிக் காப்பி போடச் சொல்லுதேன். ஒங்கத்தை உள்ளதான் இருக்கா. என்னமோ ஒன் வண்டிச் சத்தம் கேட்டதுலேர்ந்து அடுப்படிய விட்டு வெளிய வரல்ல.

டீக்கடைக்காரன் ஒன்மேல கம்ப்ளைண்டு குடுத்துட்டானாமே? விடுலே. வரப்புத் தகராறுக்கு இருவது வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சவன் நானு. வக்கீல் வீட்டுத் திண்ணையில கெடந்தே பாதிச் சட்டம் படிச்சிட்டேன். மீதிப் பாதிக்குத்தான் பீசு கேட்டாரு.

முதல்ல ஒனக்கு ஒரு பெருமையச் சொல்லுதேன். 2003-ல அதீத வட்டிக்குத் தடைன்னு ஒரு சட்டம் வந்துச்சுல்லா, அது டெல்லியில போட்டது இல்ல, நம்ம மாநிலம் போட்டது. அந்த இங்கிலீசுச் சட்டத்துக்குள்ள போய்ப் பாரு: கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு நம்ம சந்தைப் பேச்ச அப்படியே எழுதி வச்சிருக்கான். தின வட்டி உண்டு, மணிக்கணக்கு வட்டியும் உண்டு. எந்தத் தொழிலுக்குலே இந்த மரியாதை? கொத்தனாருக்கு உண்டா, வாத்தியாருக்கு உண்டா? அந்த மரியாதைக்குத் தட்சிணை 3 வருசம் வரைக்கும் உள்ள, 30,000 ரூவா வரைக்கும் அபராதம். அது இல்லன்னா இதுன்னு நெனைச்சிராத. ரெண்டும்.

'நான் எங்க மாமா வட்டி வாங்குனேன்'னு முழிக்காத. 10,000-ம்னு எழுதி 9,000 கையில குடுக்க. நாளைக்கு 100 வீதம் நூறு நாளு வாங்குத. ஆயிரந்தானேன்னு தோணும். ஆனா மொத வாரத்துலேர்ந்தே அசலு திரும்பி ஒன் பைக்கு வந்துட்டே இருக்குல்லா? சராசரி பாத்தா அவன் கையில நின்னது பாதிதான். வருசத்துக்குப் போட்டுப் பாரு, நூத்துக்கு எம்பது ரூவா போல வருது. அரசாங்கம் வச்ச அளவு மாட்டுவண்டியில போகுது, நீ புல்லட்டுல போற.

சரி, வட்டிதான் போகட்டும். கடை வாசல்ல நின்னு என்ன சொன்ன? அவன் ஆத்தாளையும் அக்காளையும் இழுத்தியாம். நாலு பேரு கூடுற எடத்துல கெட்ட வார்த்த பேசுனா 3 மாசம் வரைக்கும். 'கொன்னு பொதைச்சிருவேன்'னியாம். அதுக்கு 7 வருசம் வரைக்கும். ஸ்டேசன்ல அத ஐநூத்தி ஆறு ரெண்டும்பாங்க. 1.7.2024-லேர்ந்து புதுச் சட்டத்துல நம்பரு மாறி 351(3) ஆயிட்டு. நம்ம பயலுக வாய்தான் மாறல்ல. வட்டிக்கு 3, வாய்க்கு 7. தொழில்ல எதுல நட்டம் அதிகம்னு நோட்டுல எழுதி வச்சுக்க.

இன்னொண்ணு இருக்கு. அத நான் சிரிச்சிக்கிட்டுச் சொல்ல மாட்டேன். நீ நெருக்கிட்டு வந்த பொறவு அந்த வீட்டுல கடன் வாங்குனவனோ அவன் குடும்பத்துல ஒருத்தரோ உசுர விட்டா, தூண்டுனது நீதான்னே அந்த வட்டிச் சட்டம் எடுத்துக்கும். இல்லன்னு காட்ட வேண்டியது ஒன் பாடு. அதுக்கு 10 வருசம் வரைக்கும் போகும்.

இனி தப்பிக்கிற வழி. லைசென்சு இருக்கா? ஓட்டுற லைசென்ச நீட்டாதலே! 1957-லேர்ந்தே வட்டிக்கு விடுறவன் தாசில்தாருகிட்ட லைசென்சு வாங்கணும். இல்லையா? சரி, 'அது வட்டிக் காசு இல்ல, கைமாத்து'ன்னு சொல்லுவ. கையெழுத்து மட்டும் போட்ட வெத்துச் செக்கு அவன்கிட்ட வாங்கி வச்சிருப்பியே, அத பேங்குல போட்டுத் திருப்பி, எதிர்க்கேசு குடுப்ப. கெட்டிக்கார வழிதான். செக்கு கையில இருக்கவன் பேச்சத்தான் கோர்ட்டு முதல்ல நம்பும், மத்தவன் இல்லன்னு காட்டுற வரைக்கும். ஆனா நீதான் தேதிவாரியா, முத்து முத்தா, நோட்டு எழுதி வச்சிருக்கியே! அப்பவே ஒங்கம்மாகிட்ட சொன்னேன், பயலுக்குக் கையெழுத்து அழகா வருது, படிக்க வையின்னு.

நோட்ட எரிச்சிரலாம்னு பாக்காத, சாட்சியத்த அழிச்சதுக்குத் தனிக் கேசு வரும். போலீசு நோட்டீசு குடுத்துக் கூப்பிட்டா போயிரு. ஒளிஞ்சா அதையே காரணமாக்கிப் பிடிப்பாங்க. பிடிச்சா எதுக்குன்னு சொல்லணும், வக்கீலப் பாக்க விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தணும். ஸ்டேசன்ல 'ஆமாய்யா, நான்தான்'னு நீ அழுதது கோர்ட்டுல செல்லாது. ஆனா அழுதுக்கிட்டே வைக்கப்படப்புக்குள்ளேர்ந்து எடுத்துக் குடுத்த நோட்டு செல்லும். வக்கீலுக்குக் காசில்லன்னா, உள்ள இருக்கவனுக்கு இலவச வக்கீலு உண்டு, சட்டப்பணிக் குழுவுல கேளு. புல்லட்ட மட்டும் தெரியாம நிறுத்து.

கடைசிக்கு ஒரு வழி இருக்கு, பிறழ் சாட்சி. டீக்கடைக்காரன் கூண்டுல ஏறி 'இவர எனக்குத் தெரியவே தெரியாது'ம்பான். ஒன்மேல பாசம்னு நெனைக்காத. மக கல்யாணம் வருது, திரும்ப ஒன்கிட்டதான் வரணும்.

எங்க, அந்த நோட்ட இங்க தா, பாப்போம். மளிகைக்கடை... சலூன்காரன்... இது யாருலே? 'மாமா வீட்டு அத்தை, 5,000.' ஏட்டி, காப்பி போதும், வெளிய வா!

மருமவனே, எந்திரிக்காத. அந்த வட்டிச் சட்டத்துல இன்னொரு வசதியும் இருக்கு: கடன் வாங்குனவங்க நியாயமான பாக்கிய நேரா கோர்ட்டுல கட்டி, கடன் தீந்துட்டுன்னு பதியச் சொல்லி மனுப் போடலாம். ஒங்கத்தை கைநாட்டு இல்ல, அழகா கையெழுத்துப் போடுவா. நீ எதுக்கும் அந்தக் காப்பியக் குடிச்சிட்டுப் போ.