பொறுப்பாசிரியர்

ஆசிரியப் பெருமக்களைப் பாடம் நடத்துகிறவர்கள் என்றும் விழா நடத்துகிறவர்கள் என்றும் இரண்டு வர்க்கமாகப் பிரித்துக்கொண்டால், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும், தோல் பதனிடும் வாசனை காற்றில் வந்து ஆஜர் கொடுத்த பிறகே காலை மணி அடிக்கிற நடுநிலைப் பள்ளிகளில், இரண்டாவது வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவராவது தவறாமல் இருக்கக் காணலாம். அரசாங்கம் அவருக்கு அளித்திருக்கும் உத்தியோகப் பெயர், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஊரார் அழைப்பது 'சேவை வாத்தியார்'. கழுத்தில் சதா தொங்கும் கருவியை முன்னிட்டுப் பிள்ளைகள் சூட்டியிருப்பது 'விசில் சார்'. அவரோ எவ்விடத்திலும் தம்மைப் 'பொறுப்பாசிரியர்' என்றே அறிமுகம் செய்துகொள்வார். எதற்குப் பொறுப்பு என்று விசாரிக்கத் துணிகிறவர்கள் முதலில் ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்வது உசிதம்; ஏனெனில் இளம் செஞ்சிலுவைச் சங்கம், தேசியப் பசுமைப் படை, நுகர்வோர் மன்றம், சாலைப் பாதுகாப்பு மன்றம், இலக்கிய மன்றம் என்று அவர் ஒப்பிக்கத் தொடங்கும் ஜாபிதா மத்தியானச் சத்துணவு மணி வரைக்கும் நீளக்கூடியது.

இத்தனை பதவிகளும் அவரைத் தேடி வந்த விதம் மிகவும் எளியது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். தலைமையாசிரியர் அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிட்டு, 'இதை யார் எடுத்துக்கிறீங்க?' என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கணத்தில் கணித ஆசிரியர் மின்விசிறியையும், அறிவியல் ஆசிரியை தம் கைக்கடிகாரத்தையும், தமிழாசிரியர் சன்னலுக்கு அப்பாலுள்ள புங்க மரத்தையும் ஆழ்ந்து ஆராயத் தொடங்க, பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்பதே மரியாதை என்று பால்யத்தில் யாரோ கற்பித்ததை இன்றளவும் மறவாத நம்மவர் மாத்திரம் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், அந்த மன்றமும் அவருடையதாகிவிடும்.

அவருடைய தோள்பை தனியே வர்ணிக்கத் தகுந்தது. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் மீந்த தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த அந்தப் பையில், சணல் கயிறு ஒரு சுருள், ரப்பர் கையுறைகள், சந்தனக் கிண்ணம், 'வருக வருக' என்று மட்டும் எழுதி வருகிறவர் பெயருக்கு இடம் விட்டிருக்கும் துணிப் பதாகை, மாவட்டத்துப் பிரமுகர்கள் பலருடைய தோள்களைக் கண்டு திரும்பிய பொன்னாடை ஒன்று ஆகியவை எப்போதும் தயாராக இருக்கும். சாக்பீஸ் வேண்டுமானால் பக்கத்து வகுப்பில்தான் வாங்கிக்கொள்வார்.

சேவைக்கு என்று ஒரு பருவம் உண்டு என்பது அவருடைய சித்தாந்தம். குளிர் தேசங்களில் அக்டோபர் பிறந்ததும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வாரிகளைத் தூக்கிக்கொண்டு போய், முதியவர்கள் வீட்டு முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும் இலைகளைக் கூட்டிக் கொடுப்பார்கள் என்றும், ஏழைகளுக்காக வீடு வீடாக டப்பா உணவு திரட்டுவார்கள் என்றும் அவர் எங்கோ படித்திருக்கிறார். நம் தொண்டை மண்டலத்திலோ மரங்கள் மாசி, பங்குனி வரையில் இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, ஆண்டுத் தேர்வு நெருங்கி எவருக்கும் தரும சிந்தனைக்கு அவகாசம் இல்லாத வேளையில்தான் உதிர்க்கின்றன. ஆகவே இலையை நம்பாமல் நாள்காட்டியை நம்பினார். காலாண்டுத் தேர்வுத் தாள் கட்டுகளை மூடியதும் அவருடைய பருவம் தொடங்கிவிடும். செப்டம்பர் 16 ஓசோன் தினம் அதற்கு வெள்ளோட்டம். அக்டோபர் 2 காந்தி ஜயந்தி பெரும்பாலும் காலாண்டு விடுமுறைக்குள்ளேயே விழுந்துவிடுவதால், அன்று வருகிற பிள்ளைகளின் தியாகம் விசேஷமாகப் பாராட்டப்படும். அக்டோபர் 24 ஐக்கிய நாடுகள் தினம், 31 ஒற்றுமை உறுதிமொழி, நவம்பர் 14 குழந்தைகள் தினம். அந்த மிட்டாயின் இனிப்பு நாவில் இருக்கும்போதே 19ஆம் தேதி உலகக் கழிப்பறை தினம்.

இவற்றுள் அக்டோபர் 15தான் அவருடைய திறமைக்கு உரைகல். அப்துல் கலாமின் பிறந்த நாளான அன்று இளைஞர் எழுச்சி நாள். உலகக் கைகழுவும் தினமும் அன்றைக்கே. இரண்டு ஊர்வலம் நடத்தப் பிள்ளைகளின் காலுக்குச் சக்தி போதாது என்று கருதிய பொறுப்பாசிரியர், இரண்டையும் ஒன்றாக இணைத்து, 'கனவு காண்போம்! கை கழுவுவோம்!' என்று கோஷம் ஒன்றை இயற்றி, வலது கையில் கலாம் படமும் இடது கையில் சோப்புமாகப் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு நடத்திச் சென்றார். ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, 'ஏன் வாத்தியாரே, நாங்கள்லாம் அப்டித்தானே பண்ணிக்கினு வர்றோம்? இதுக்கு ஊர்வலம் வேறயா?' என்றார். பொறுப்பாசிரியர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வணங்கினார்.

ஆம்பூரில் ஊர்வலம் நடத்துவது மற்ற ஊர்களில் நடத்துவது போலன்று. தமிழில் ஒரு முறையும், மசூதித் தெரு திரும்பியதும் உருதுவில் ஒரு முறையும் கோஷம் எழுப்ப வேண்டும்; அந்த இரண்டாவது கைங்கரியத்தை ஏழாம் வகுப்புப் பையன்கள் இருவரிடம் அவர் ஒப்படைத்திருந்தார். 'தண்ணீரைத் தேங்க விடாதீர்' என்ற சாதுவான வாக்கியம் அவர்கள் வாயில் புகுந்து வெளிவந்தபோது தெருவிலிருந்த கடைக்காரர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததையும், ஒரு கிழவர் தம் வீட்டு வாசல் தொட்டியை அவசரமாகக் கவிழ்த்ததையும் கண்ட பொறுப்பாசிரியர், மூலத்தில் இல்லாத ஏதோ ஒன்று மொழிபெயர்ப்பில் சேர்ந்திருக்கிறது என்று ஊகித்தாராயினும், பலன் நல்லதாயிருந்தபடியால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஊர்வலத்துக்கு உண்மையான சோதனை பதினோரு மணிக்கு வரும். சீரகச் சம்பா அரிசி வெந்து, தம் உடைத்து, பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கிற வேளை அது. எத்தனை கட்டுப்பாடான வரிசையும் அந்தக் கடை வாசலில் தன்னையறியாமல் நடையைக் குறைக்கும், கோஷம் தேயும், கலாமின் படமும் சற்றே அந்தத் திசைக்குச் சாயும். ஓயாமல் ஒலிக்கிற விசிலும் அந்த இடத்தில் மாத்திரம் மௌனமாகிவிடுவதைக் கூர்ந்து பார்த்தவர்கள் சொல்வதுண்டு.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் டெங்கு ஒழிப்பு. காலையில் நிலவேம்புக் குடிநீர் விநியோகம். அதற்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகங்களை வரைய ஒரு சித்திரக்காரன்தான் வர வேண்டும். மாலையில் வீடு வீடாகப் பிரசாரம். ஆனால் அந்த வட்டாரத்தில் பட்டப்பகலில் கதவைத் தட்டினால் திறப்பதற்கு ஆள் இராது. தாய்மார் விடியற்காலையிலேயே கம்பெனி வேனில் ஏறிச் செருப்புக்கு மேல்தோல் தைக்கப் போயிருப்பார்கள். வீட்டுக்குக் காவல் ஒரு பாட்டியும் இரண்டு ஆடுகளும்தான். அத்தகைய பாட்டி ஒருத்தியிடம் பொறுப்பாசிரியர், ஏடிஸ் கொசு சாக்கடையில் அன்று, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது என்ற விஞ்ஞான உண்மையைச் சாங்கோபாங்கமாக விளக்கி, வாசலில் இருந்த நீல நிற டிரம்மைக் கவிழ்க்கும்படி கேட்டுக்கொண்டார். பாட்டி பதறவில்லை. 'இன்னா வாத்தியாரே சொல்ற? ஆத்தங்கரையில குந்திக்கினு ஆத்துத் தண்ணி குடிக்க முடியாம, எங்கியோ மேட்டூராண்ட இருந்து குழாய்ல வர்ற காவேரித் தண்ணிக்கு நாள் எண்ணிக்கினு கீறோம். இதக் கவுத்துட்டா நாளைக்கு உன் விசில ஊதினா தண்ணி வருமா?' என்று கேட்டாள். ஆசிரியப் பணியில் அவர் விடை தெரியாமல் நின்ற சந்தர்ப்பங்களுள் அது ஒன்று. மறுநாள் ஒரு கட்டு வலைத்துணியோடு திரும்பி வந்து, அந்தத் தெருவிலுள்ள டிரம்களுக்கெல்லாம் பிள்ளைகளைக் கொண்டு வாய் கட்டிவிட்டுப் போனார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

மூலிகைத் தோட்டத்திலும் இப்படி ஒரு சம்பவம் நடந்தது. ஆவாரஞ்செடிகளை வரிசையாக நட்டு, சர்க்கரை வியாதிக்குச் சிறந்தது என்று பலகை எழுதி வைத்திருந்தார். பேத்தியைக் கூட்டிப்போக வந்த பழைய தொழிலாளி ஒருவர் பலகையைப் படித்துப் புன்னகை செய்து, குரோம் உப்பு வந்து தொழிலையே மாற்றுவதற்கு முன்னால், இந்த ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் குழியில் ஊறப்போட்டுத்தான் தோல் பதப்படுத்தினோம் என்றும், பட்டை உரிக்க வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தில் இதன் பெயர் மூலிகையன்று, சம்பளம் என்றும் சொன்னார். பொறுப்பாசிரியர் அந்த க்ஷணமே அவரைச் சிறப்பு விருந்தினராக நியமனம் செய்து, பொன்னாடை போர்த்தி, வகுப்பில் பேசவைத்துவிட்டார். பேத்தி வெட்கத்தால் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டதைத் தவிர நிகழ்ச்சி இனிதே நடந்தேறியது.

அவர் நடத்தும் பாடங்களில் பிள்ளைகள் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது ஒன்று உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பே அது. மாசுபடுத்தியவனே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற தத்துவத்தை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய அந்தத் தீர்ப்பு, நம் ஊர் ஆற்றங்கரையில் பிறந்தது என்று அவர் பெருமையோடு சொல்வார். கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு தோல் தொழிலால் எரிகிறது என்பதை அறிந்தவராதலால், தொழிலையும் குறை சொல்லாமல் ஆற்றையும் விட்டுக்கொடுக்காமல் பேசும் சாமர்த்தியத்தை அவரிடம் அரசியல்வாதிகள் கற்கலாம். இந்தத் தத்துவத்தை வகுப்புக்கும் அமல் செய்து, கீழே காகிதம் போடுகிறவர் காகிதம் ஒன்றுக்கு இரண்டு வாளி தண்ணீர் புங்க மரத்துக்கு ஊற்ற வேண்டும் என்று விதித்திருந்தார். கைகழுவும் ஊர்வலத்துக்கு மறுநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, 'சார், நேத்து ஊர்வலம் முடிஞ்சு நீங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தீங்களே, அந்தக் கப்பெல்லாம் கேட்டாண்டயே கெடக்குது சார். அதுக்கு எத்தினி வாளி?' என்று கேட்டாள். வகுப்பு மூச்சடக்கி நின்றது. பொறுப்பாசிரியர் சற்றே யோசித்து, குடித்தவன் குற்றமா, வாங்கிக் கொடுத்தவன் குற்றமா என்ற சட்டப் பிரச்சினையை எழுப்பிப் பார்த்தார், பெண் விடவில்லை. தீர்ப்பு வழங்கப்பட்டது. அந்த வாரம் முழுவதும் ஊரார் கண்ட காட்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வாளி சுமந்ததும், ஓரமாக நின்று அந்தப் பெண் நோட்டில் கோடு போட்டு எண்ணியதுமேயாகும்.

புகைப்படம் இல்லாமல் அவர் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார் என்று சக ஆசிரியர்கள் பரிகசிப்பதுண்டு. அதில் பொய் கிடையாது. எந்தச் செயலுக்கும் தேதியும் இடமும் தெரியும்படி படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு, 'கூட்டாதே, இரு!' என்று பிள்ளைகளை நிறுத்திவைப்பது அவர் வழக்கம். ஆனால் 2021 நவம்பரில், வருஷக்கணக்காக மணலைத் தவிர வேறொன்றையும் காட்டாதிருந்த பாலாறு இரு கரையும் புரண்டு வந்தபோது, 1903 நவம்பர் வெள்ளத்துக்கு வாணியம்பாடியில் தூண் நட்டு வைத்திருக்கிற வட்டாரம் அல்லவா, ஜனங்கள் அந்தப் பழைய கதையை நினைத்துக் கிலி பிடித்துக் கிடந்தார்கள். அவர் பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிட்டு, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைத்து, சத்துணவுக் கூடத்து அடுப்பில் சோறு வடிப்பதற்கு நின்றார். அந்த நாட்களில் விசில் உபயோகப்பட்டது, பதாகை உபயோகப்படவில்லை. அந்த வாரச் செயல்பாட்டுக்கு ஆதாரப் படம் ஒன்றும் இணைக்கப்படவில்லையே என்று பின்னால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டபோது, 'மழை' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினார். அவர் எழுதியவற்றுள் மிகச் சிறிய அறிக்கை அது.

மிக நீண்ட அறிக்கை பனை விதை பற்றியது. பனை நம் மாநில மரம். ஏரிக்கரையை அரிக்கவிடாமல் பிடித்து நிறுத்துவது. ஆணா பெண்ணா என்று தெரிவதற்கே பத்து வருஷங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதால் பலன் கருதாத கைங்கரியம் என்று கீதையைத் துணைக்கழைத்து முழங்கி, ஒரு புரட்டாசி மாதத்தில் பிள்ளைகளைக் கொண்டு ஏரிக்கரை நெடுகப் பனங்கொட்டைகளைப் புதைத்தார். பனை விதை முளைத்தால் முளை முதலில் மேலே வராமல் பூமிக்குள்ளேயே இறங்கும் என்று அவர் விளக்கியதைப் பிள்ளைகள் வழக்கத்துக்கு விரோதமான சிரத்தையுடன் கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சிரத்தையின் காரணம் தை பிறந்தபோது விளங்கிற்று. பொங்கல் விடுமுறை முடிந்து ஏரிக்கரைக்குப் போனவர், புதைத்த இடங்களிலெல்லாம் ஒழுங்காகத் தோண்டிய குழிகளையே கண்டார். பள்ளிக்கு வந்தால், அவருடைய மேசைமேல் செய்தித்தாளில் மடித்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு, 'சாருக்கு' என்ற சீட்டோடு இருந்தது. தலைமையாசிரியர் அறையிலும் ஒரு கட்டு இருந்ததாகவும், அது அங்கே அதிக நேரம் தங்கவில்லை என்றும் தகவல். பொறுப்பாசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. நாரை உரித்து ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, ஆண்டறிக்கைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். 'நிலைத்து நிற்கும் மரங்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஒரு சுழியம் போட்டார். அடுத்த கட்டமான 'பயனடைந்தோர்' என்பதில், 'மாணவ மாணவியர் அனைவரும், தலைமையாசிரியர் உட்பட' என்று பூர்த்தி செய்து கையொப்பமிட்டார்.