பூமிக்கு இடுப்பளவு எடுத்த பெண்டுலம்

1672-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் வானியலாளர் ழான் ரிஷேவைக் கப்பலேற்றித் தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயேனுக்கு அனுப்பியது. செவ்வாய் கிரகத்தை அவர் அங்கிருந்து பார்க்கவேண்டும், மூத்த வானியலாளர் காசினி பாரிஸிலிருந்து பார்ப்பார், இரண்டையும் வைத்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடுவார்கள். வெயிலும் கொசுவும் ரிஷேவுக்கு, பெயர் காசினிக்கு. எல்லா ஆபீஸிலும் உள்ள வேலைப் பங்கீடுதான்.

கூடப்போன பெண்டுலக் கடிகாரம் மக்கர் பண்ணியது. பாரிஸில் யோக்கியமாக ஆடியது, கயேனில் தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான பெண்டுலத்தில் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தால்தான் நொடி சரிப்பட்டது. மாதக்கணக்கில் அளந்தும் அதே விடை.

வெயிலில் தண்டு நீண்டிருக்கும் என்று ஒரு சமாதானம் கிளம்பியது. ஒரு மீட்டர் இரும்பு, 20 டிகிரி கூடுதல் சூட்டில் கால் மில்லிமீட்டர்தான் நீளும். மீதிக்கு யார் ஜவாப்தாரி?

விசாரணை நடத்துவோம். பெண்டுலத்தின் நுனியிலுள்ள குண்டைப் பிடித்திருப்பவை இரண்டே விசைகள். தண்டின் இழுவிசை தண்டின் வழியே மட்டும் இழுப்பதால், குண்டின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதற்கு அதிகாரமில்லை. விலகிய குண்டை நடுவுக்குத் துரத்துவது ஈர்ப்பின் ஒரு கூறுதான். குண்டு கனத்தால் ஈர்ப்பும் கூடும், நகர மறுக்கும் பிடிவாதமும் அதே அளவு கூடும். ஆகவே எடை விடுதலை. சின்ன ஆட்டமாக இருந்தால் வீச்சும் கிட்டத்தட்ட விடுதலை. மிஞ்சுவது நீளமும் ஈர்ப்பும். நீளத்தைத்தான் அளந்தாயிற்றே!

1687-இல் நியூட்டன் தீர்ப்பு எழுதினார்: குற்றவாளி பூமி. சுழன்று சுழன்று நடுக்கோட்டில் இடுப்பு பெருத்துவிட்டது. அங்கே மையம் தூரம், போதாததற்குச் சுழற்சியும் ஈர்ப்பில் கொஞ்சம் கமிஷன் பிடிக்கிறது. கயேன் இருப்பது நடுக்கோட்டிலிருந்து 5 பாகையில்.

காசினியின் மகன் மசியவில்லை. பூமி துருவப்பக்கம் நீண்ட ஒல்லி உடம்பு என்று, பிரான்ஸை அளந்து காட்டியே சாதித்தார். கடைசியில் 1736-இல் பிரெஞ்சுக் கணிதர் மோபெர்த்துயியின் குழு வடக்கே துருவப்பக்கமுள்ள லாப்லாந்துக்குப் போய், உறைந்த ஆற்றின்மேல் மரக்கோல் வைத்துப் பூமியின் வளைவை அளந்தது; துருவப்பக்கம் பூமி தட்டைதான் என்று தெரிந்தது, நியூட்டன் ஜெயித்தார். அவர்களும் ஒரு பெண்டுலக் கடிகாரம் கொண்டுபோயிருந்தார்கள். அது பாரிஸ் நேரத்தை முந்திக்கொண்டு ஓடியது.