மவுஸுக்கு மூன்று கொட்டேஷன்

1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் இறங்குகிறது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டுகிறார்கள். நடுவே மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் மவுஸ் மக்கர். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுகிறது. நூறு போல்ட்டுக்கு இன்டென்ட் போட்டால் இருநூறு வருகிறது.

வியாதி சின்னதுதான். இடது பட்டனுக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச். அதற்குள் நகக்கண் அளவு செம்புத் தகடு தளர்ந்துவிட்டது. சால்டரிங் தெரிந்தவர் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். ஷாப்புக்கு ஷாப் அப்படி ஆள் உண்டு. ஆனால் அது 'வேறு டிபார்ட்மென்ட்'.

ஆக, மூன்று கொட்டேஷன். ஐடி தம்பி சிபாரிசு 16,000 டிபிஐ, ஏழு கலர் லைட்; எக்செல் கட்டத்துக்கு ஆயிரமே தாராளம். கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது, இருப்பதிலேயே மலிவானது.

பழசை இ-வேஸ்ட் கணக்கில் ஏற்றினால்தான் புதுசைப் பிரிக்கலாமாம். ஏற்றும் ஃபாரம் ஆன்லைனில். கிளிக் பண்ண வேண்டும்.